கிடா. மே.

ஜூன் மாதம் இந்த ஊரில் பத்து மணிக்குத்தான் விடியும்.
அதற்குள் நாலு பேரை இயந்திரத்துக்குள் அனுப்பி எடுத்திருப்பேன்.
புன்ட்டா அரீனாஸ். வாசற்கதவைக் காற்று பிடித்துக்கொண்டால்
இரண்டு ஆள் சேர்ந்துதான் பிடுங்க வேண்டும்.

நான் படம் எடுப்பவள்.
என்ன தெரிகிறது என்று சொல்பவள் இல்லை.
சட்டையில் பெயர் உண்டு, நெவென்கா;
பெயருக்கு வாய் கிடையாது.
இருபத்திரண்டு வருடமாக என் முகத்தைத்
துடைத்த மேசை மாதிரி வைத்திருக்கிறேன்.

எலியேசர் பர்ரியா, ஐம்பத்தொன்று. ஆட்டுப்பண்ணை வேலை.
இடது தொடையில் முஷ்டியளவு கட்டி.
சீட்டில் ஒரே ஒரு சொல், பின்னால் கேள்விக்குறி.
மரியாதைக்காகப் போட்ட கேள்விக்குறி.

காந்தச் சுருளுக்குள் அவர் படுத்திருக்க
திரையில் அவர் சதை வெள்ளை வெளேரென்று வீங்கி
எங்கே முடிகிறதென்று தெரியாமல்
பக்கத்துத் தசைக்கும் தாவியிருந்தது.
சார்கோமா என்று யாரும் சொல்லிவிடுவார்கள்.
நானும் மனசுக்குள் சொன்னேன்.

இறக்கிவிடும்போது கேட்டேன்,
"அந்த இடத்தில் அடி ஏதாவது பட்டதா?"
கேட்க மட்டும் எனக்கு யாரும் தடை போட்டதில்லை.
கால்சட்டையைத் தேடிக்கொண்டே சொன்னார்:
"மே மாதம் ஒரு கிடா முட்டியது.
கிடா முட்டாத ஆள் யார் இருக்கிறான் எங்கள் பண்ணையில்?"
சீட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
கிடா. மே.

டாக்டர் மன்சீயா படத்தைப் பார்த்ததைவிட
அந்த இரண்டு சொல்லை அதிக நேரம் பார்த்தார்.
ஊசி போட்டுத் துணுக்கு எடுக்கலாமே என்று மாடியிலிருந்து அவசரம்.
"இப்போது எடுத்தால் ஆறுகிற சதையும்
புற்று மாதிரியேதான் பேசும்.
மூன்று வாரம் போகட்டும். பிறகு சிடி."

மூன்று வாரம் ஒரு மனிதன்
தன் தொடையை எந்தப் பக்கம் வைத்துத் தூங்குவான்?

அன்றைக்கே சாயங்காலம் அய்லின் ஓயர்சுன்.
பதினைந்து வயது, வலது முழங்கால்.
வளர்கிற வலி என்று ஏழெட்டு மாதம் தைலம் தேய்த்த அம்மா
வெளியே நாற்காலியில், கையுறையைக் கழற்றாமல்.
சாதாரண எக்ஸ்ரே. அரை நொடி.
தொடையெலும்பின் அடியில் தோல் தூக்கி,
உள்ளிருந்து கதிர் கதிராய், குழந்தைகள் வரைகிற சூரியன் மாதிரி.
அந்த வாரம் ஊர் முழுக்க மேகம்.
நான் பார்த்த ஒரே சூரியன் அது.

அவளிடமும் கேட்டேன். அடி பட்டதா?
"போன வருஷம் ஸ்கேட்டிங்கில் விழுந்தேன்," என்றாள் ஆசையாக,
எனக்கு ஒரு காரணம் தர விரும்பியவள் போல.
எழுதிக்கொண்டேன்.
அந்தப் பென்சிலால் ஒன்றும் ஆகவில்லை.
"நல்லா வந்திருக்கா?" என்றாள்.
படம் தெளிவாக வந்திருக்கிறது என்றேன். பொய்யில்லை.

ஜூலையில் எலியேசர் திரும்பி வந்தார், குளித்து, தலை வாரி.
சிடியில் கட்டியைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு,
முட்டையோடு மாதிரி, முழுதாய், வெளிவிளிம்பில்.
புற்றென்றால் நடுவில் தடித்து ஓரம் கலைந்திருக்கும்.
இது ஓரத்திலிருந்து எலும்பாகிக்கொண்டிருக்கிறது.
காயம், தன்னைத்தானே பூட்டிக்கொண்ட காயம்.
மன்சீயா நாற்காலியைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.
எலியேசரிடம் அவர்தான் சொன்னார், நான் இல்லை.
ஆனால் கதவுப் பக்கம் வந்த எலியேசர்
என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.
அன்று அதைத் துடைக்க மறந்திருந்தேன்.

டிசம்பர். வெயில் போக மனசில்லாமல் இரவு பத்து மணி வரை நிற்கிறது.
சந்தியாகோவிலிருந்து அய்லின் வந்திருக்கிறாள்,
தலையில் பச்சைக் கம்பளித் தொப்பி, முழங்காலுக்குள் உலோகம்.
இம்முறை நெஞ்சு. நுரையீரலில் ஏதாவது போய் உட்கார்ந்திருக்கிறதா என்று.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பொத்தானை அழுத்துகிறேன்.
மூச்சை இழு.
அடக்கு.

அவளோடு நானும் அடக்குகிறேன்.
மேசை மெதுவாக நகர்கிறது.